அவள் சுபாவம் அப்படி

திருவிடந்தையில் சாமிக்கே திருஷ்டிப் பொட்டு உண்டு. நித்ய கல்யாணப் பெருமாள் உற்சவரின் தாடையில் இயல்பாக அமைந்திருக்கும் கரும்புள்ளியைத் தீப ஒளியில் காட்டுவார்கள். நாள்தோறும் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவர் மீது எத்தனை கண்கள் விழும்! பார்வைக்கு ஒரு வேகம் உண்டு, அது விழுகிற முகத்தை வாட்டிவிடும் என்பதில் நம் ஊர்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பார்க்கப்படுகிற முகத்தைக் காப்பாற்ற மை, உப்பு மிளகாய், பூசணிக்காய் என்று எவ்வளவோ ஏற்பாடு வைத்திருக்கிறோம். பார்க்கிற கண் சரியாகத்தான் பார்க்கிறதா என்று கேட்க மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் இந்தக் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள வருகிறவர்கள். பெருமாளுக்குச் சாத்தித் திரும்பி வரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்ற வேண்டும். ஆண்களும் சுற்றுகிறார்கள். அவர்களில் ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தால், "என்னடா, என்ன ஆச்சு?" என்று உடன் வந்தவர்கள் கேட்டுவிடுவார்கள். பெண்ணின் முகம் தொங்கியிருந்தால் அது அடக்கம். கண் கலங்கியிருந்தால் பக்தி. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் வெட்கம். "சின்ன வயசுலேர்ந்தே பயந்த சுபாவம்" என்று அத்தையோ சித்தியோ பக்கத்தில் நிற்பவரிடம் பெருமையாகவே சொல்வார். ஒரே முகம்தான். ஆனால் ஆணிடத்தில் அது கேள்வியாகத் தெரிகிறது, பெண்ணிடத்தில் பதிலாகத் தெரிகிறது.

இந்தக் கோயிலின் தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலவ முனிவருக்கு 360 பெண்கள். வராகப் பெருமாள் இளைஞராக வந்து நாளுக்கு ஒருத்தியாக மணந்து, கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார். அகிலவல்லி என்பது அவளுக்குப் பெயர். அருளின் கதையாக இதைக் கேட்பவர்களிடம் எனக்கு வழக்கில்லை. 360 முகங்களை ஒரே முகத்தில் காண்பது கடவுளுக்குக் கைகூடும். மனிதர்கள் அதைச் செய்யும்போது கிடைப்பது, "பொம்பளைங்க சுபாவமே அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம்.

ஒருவருடைய குணத்துக்கும், பிறர் முகத்திலிருந்து உணர்ச்சியைப் படிக்கும் திறனுக்கும் என்ன தொடர்பு என்பது உளவியலில் பழைய கேள்வி. கனிவானவர்கள் நன்றாகப் படிப்பார்களா, கலகலப்பானவர்களா, எதற்கெடுத்தாலும் பதறுகிறவர்களா என்றெல்லாம் சோதித்திருக்கிறார்கள். தமிழ் படித்தவளுக்கு இந்தக் கேள்வி அன்னியமானதல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் புலப்படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் களன் நான்கு நான்காக, 32. இத்தனையும் வகுத்த பிறகு, இயலின் கடைசி நூற்பாவில் ஆசிரியர் பார்க்கிறவர் பக்கம் திரும்புகிறார். கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரும் உணர்வுடையவர்களுக்கு அல்லாமல் மற்றவர்களுக்கு இது எட்டாது என்று முடிக்கிறார். முகம் மட்டும் இருந்தால் போதாது, படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். செவியையும் சேர்த்துச் சொன்னதை நான் எப்போதும் கவனப்படுத்துவேன். கண் மட்டும் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

அச்சத்துக்கு அவர் சொல்லும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் பேயும் அச்சுறுத்தும், காட்டு விலங்கு அச்சுறுத்தும், திருடர் அச்சுறுத்துவர், தம்மை ஆள்பவரும் அச்சுறுத்துவார். நாலாவதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சின்னச் சலசலப்பு எழும். அது எதனால் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது இதே பொருளதிகாரத்தின் களவியலுக்குப் போனால், அச்சமும் நாணும் மடனும் பெண்பாலுக்கு உரியவை என்ற நூற்பா நிற்கிறது. நாற்குணம் என்று பின்னால் வளர்ந்து, பாடப்புத்தகம், மேடைப் பேச்சு, திரைப்பாட்டு எல்லாவற்றிலும் நாம் கேட்டுச் சலித்தது இதன் வழி வந்ததுதான். இதைப் பெண்ணடிமைக் கருத்து என்று சொல்லிக் கடந்துபோவது எளிது, நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். இரண்டு நூற்பாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மெய்ப்பாட்டியலில் அச்சம் ஓர் உணர்ச்சி. அதற்குக் காரணம் உண்டு, வரும், போகும், முகத்தில் தெரியும், பார்க்கிறவர் "எதைக் கண்டு?" என்று கேட்கலாம். களவியலில் அதே அச்சம் குணமாகிவிடுகிறது. குணத்துக்குக் காரணம் வேண்டாம். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "பயம் அவளோட இயல்புன்னா, அவ உண்மையிலேயே பயப்படும்போது எப்படி மேடம் கண்டுபிடிப்பாங்க?"

முனைவர் பட்டத்துக்காக நான் எழுதிய பக்கங்களில் இந்தக் கேள்விக்குச் சமமான ஒரு வரி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓர் உணர்ச்சியை ஒருத்தியின் குணம் என்று ஒதுக்கிவிட்டால், அந்த உணர்ச்சி அவள் முகத்தில் வரும்போது யாருக்கும் தெரியாது. சுவரின் நிறத்திலேயே சுவரில் எழுதிய எழுத்துபோல. கோபத்துக்கும் இதுவே நடக்கிறது. "அவ சிடுமூஞ்சி" என்று வீட்டிலோ அலுவலகத்திலோ பெயர் வாங்கிவிட்டவள் என்ன காரணத்துக்காகக் கோபப்பட்டாலும், காரணம் அவளே ஆகிவிடுகிறாள். தொல்காப்பியர் வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று நான்கு களன் சொல்கிறார். உறுப்பை அறுப்பதும், குடியைக் கெடுப்பதும், அலைக்கழிப்பதும், கொல்வதும். சிடுமூஞ்சிக்கு இவற்றில் ஒன்றும் நேர்ந்திருக்கும் என்று யாரும் தேடுவதில்லை. ஆக, குணத்துக்கும் முகம் படிப்பதற்கும் உள்ள முதல் தொடர்பு, படிப்பவரின் குணம் அல்ல. படிக்கப்படுபவருக்கு நாம் ஏற்கெனவே ஒட்டிவைத்திருக்கும் குணம்.

படிப்பவர் பக்கத்துக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டி, மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகியவை உலகெங்கும் ஒரே முகமாகத்தான் வெளிப்படுகின்றன என்று 1971இல் வாதிட்டார். பல பத்தாண்டுகள் அதுவே பாடம். 2019இல் லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் அதுவரையிலான ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து எழுதிய நீண்ட மதிப்புரை அந்த உறுதியைக் கலைத்தது. கோபம் வந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சுளிப்பதில்லை, சுளிக்கிறவர்கள் எல்லாம் கோபத்தில் இல்லை, சூழலைத் தெரிந்துகொள்ளாமல் முகத்தசையை மட்டும் பார்த்து உள்ளத்தைச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். பளிங்கு தன்னை அடுத்ததைக் காட்டுவதுபோல முகம் நெஞ்சைக் காட்டும் என்றார் வள்ளுவர். பளிங்கு எல்லா முகத்துக்கும் பொருந்தாது போலும்.

குணத்தைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் சுவாரசியமானவை. குணவியல்புத் தேர்வுகளில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் முகம் படிக்கும் தேர்வுகளில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டுதான், ஆனால் எதிர்பார்த்ததைவிட மெலிந்தது. "எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்று தன்னைப் பற்றி நினைப்பவர்கள் தேர்வில் அப்படியொன்றும் சிறந்துவிடுவதில்லை. (பெண் பார்க்கப் போகும் கூட்டத்தில் இப்படிச் சொல்லும் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.) பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சற்று நன்றாகப் படிக்கிறார்கள் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஜூடித் ஹால் 1978இல் 75 ஆய்வுகளைத் தொகுத்து அதைக் காட்டினார். உடனே "தாய்மை", "பெண்ணின் உள்ளுணர்வு" என்ற சொற்கள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டன. மறுபடியும் ஒரு குணம்.

சாரா ஸ்னாட்கிராஸ் என்ற ஆய்வாளர் 1985இல் எளிமையான ஒன்றைச் செய்தார். இருவர் இருவராக மாணவர்களைச் சேர்த்து, ஒருவரை வழிநடத்துபவராகவும் மற்றவரைக் கீழே இருப்பவராகவும் வைத்தார். யார் யாரை நன்றாக உணர்ந்தார்கள் என்று பார்த்தபோது, ஆணா பெண்ணா என்பதைவிட மேலா கீழா என்பதுதான் கணக்கில் வந்தது. கீழே வைக்கப்பட்டவர் மேலே இருப்பவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைக் கூர்ந்து அறிந்தார். 2001இல் கிளைன், ஹாட்ஜஸ் இருவரும் நடத்திய ஆய்வு இதைவிட வெளிப்படை. பிறர் மனத்தைச் சரியாகக் கணித்தால் பணம் தருவோம் என்று சொன்னதும் ஆண்களின் மதிப்பெண் ஏறிவிட்டது. பெண்களுடையதும்தான் ஏறியது, ஆனால் இரண்டுக்கும் இருந்த இடைவெளி காணாமல் போனது. முடியாமல் இல்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு, படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. விஸ்கான்சினில் சேத் போலக்கும் உடன் ஆய்வாளர்களும், வீட்டில் அடிபட்டு வளர்ந்த குழந்தைகளுக்குத் தெளிவற்ற முகப் படத்தைக் காட்டி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கினார்கள். மற்ற குழந்தைகளுக்கு இன்னும் ஒன்றும் பிடிபடாத கட்டத்திலேயே அந்தக் குழந்தைகள் கோபத்தைக் கண்டுகொண்டன. 2002இல் வந்த ஆய்வு அது. இதைத் திறமை என்று சொல்வதா, தழும்பு என்று சொல்வதா? வீட்டு வாசலில் வண்டி நிற்கும் சத்தத்திலிருந்தே இன்றைய இரவு எப்படிப் போகும் என்று கணிக்கும் பெண்களை நம் தெருக்களில் நமக்குத் தெரியும். அவர்களை "ரொம்ப நுணுக்கமானவங்க" என்று பாராட்டுவது, தீயில் நடந்து பழகியவளின் பாத வலிமையைப் பாராட்டுவது போன்றது.

எல்லாக் கூர்மையும் காயத்திலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோவளம் பக்கத்தில் மீன் விற்கும் அக்காக்களைப் பாருங்கள். கூடைக்கு முன்னால் வந்து நிற்பவர் வாங்குவாரா, சும்மா விலை கேட்டுப் போவாரா, சங்கராவுக்கு மனசு வைத்துவிட்டு மத்தியைக் கேட்கிறாரா என்பது குனிந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அது தொழில் கற்றுக்கொடுத்த படிப்பு, அதில் ஒரு பெருமிதமும் உண்டு. யாரும் அதைச் சுபாவம் என்று சொல்வதில்லை, அனுபவம் என்கிறார்கள். இதே பெண் வீட்டுக்குப் போனதும் செய்கிற படிப்புக்கு மட்டும் ஏன் சுபாவம் என்று பெயர்?

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது பொருட்பாலில், அமைச்சர்களைப் பற்றிய பகுதியில் வருகிறது: வாய்திறந்து கூறாததை முகம் நோக்கி அறிபவன் எவ்வளவு உயர்ந்தவன் என்று. 110ஆவது காமத்துப்பாலில், களவில்: அவள் பார்வை சொல்வது நோயா மருந்தா என்று தலைவன் படிக்கிறான். அரசனுடைய முகத்தையும், இன்னும் கிடைக்காத காதலியின் முகத்தையும் படிப்பதற்கு ஆணுக்கு வள்ளுவர் பத்துப் பத்துக் குறள் தருகிறார். அப்படியானால் ஆணுக்கு முகம் படிக்க வராது என்ற பேச்சுக்கே இடமில்லை. கற்பியலுக்கு வந்தால் 128ஆவது அதிகாரத்தின் பெயர் குறிப்பறிவுறுத்தல். அறிதல் அறிவுறுத்தலாகிறது. அங்கும் தலைவன் படிக்கத்தான் செய்கிறான், அதை மறைக்க மாட்டேன். தலைப்பு மாறியதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

"எனக்கு அதெல்லாம் புரியாது. வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?" என்ற வாக்கியத்தைக் கேட்காத மனைவி அரிது. சில பேருக்கு உண்மையாகவே புரியாது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு முகக்குறிப்பு பிடிபடுவது கடினம். தன் உணர்ச்சிக்கே பெயர் வைக்கத் தெரியாதவர்களும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்வது அநியாயம். தெரியாததைத் தெரியாது என்று வைத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களில் பலர் எடுக்கும் முயற்சி மற்றவர்களிடம் இல்லை. நான் சொல்வது வேறு ஆளைப் பற்றி. மேலதிகாரியின் புருவம் அரை அங்குலம் உயர்ந்தால் கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர், கட்சிக் கூட்டத்தில் தலைவரின் சிரிப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து நாற்காலி மாறி உட்கார்கிறவர், வீட்டுக்குள் நுழைந்ததும் வெள்ளந்தியாகிவிடுகிறார். இவருக்குப் படிக்கும் திறன் இருக்கிறது. அதை எங்கே செலவழிப்பது என்ற தீர்மானமும் இருக்கிறது. தீர்மானம் என்று ஒன்று இருக்குமானால் பொறுப்பும் இருக்கிறது. "அவர் சுபாவம் அப்படி" என்று நாமே அவருக்காகச் சொல்லும்போது, அந்தப் பொறுப்பை அவர் தோளிலிருந்து இறக்கி நம் தோளில் வைத்துக்கொள்கிறோம்.

வீட்டில் ஒன்றும் தெரியாது என்கிற இதே உலகம், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரியும் என்கிறது. 2013 நவம்பரில் கோவாவில் நட்சத்திர விடுதி ஒன்றின் மின்தூக்கியில் தன் பத்திரிகையின் ஆசிரியர் தன்னிடம் அத்துமீறினார் என்று இளம் பத்திரிகையாளர் ஒருவர் புகார் கொடுத்தார். 2021 மே 21 அன்று மாபுசா அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. 500 பக்கங்களைத் தாண்டிய அந்தத் தீர்ப்பில், சம்பவத்துக்குப் பிந்தைய நிகழ்ச்சிகளில் எடுத்த புகைப்படங்களும் பரிசீலிக்கப்பட்டன. அவற்றில் அந்தப் பெண் சிரித்த முகமாக, இயல்பாக, நல்ல மனநிலையில் இருக்கிறார், பாதிப்படைந்தவராகத் தெரியவில்லை என்பது நீதிமன்றம் கண்டது. அரசு மேல்முறையீடு செய்தது. அன்று என்ன நடந்தது என்று தீர்மானிப்பது என் வேலையல்ல, அதற்கு வேறு சான்றுகள் உண்டு, வேறு மன்றங்கள் உண்டு. ஒரு சிரிப்பை எப்படி வாசிப்பது என்பது தமிழ் வாசிப்பவளாகிய என் வேலை.

தொல்காப்பியர் நகையையும் உவகையையும் வெவ்வேறாக வைத்தார். எட்டில் முதலாவது நகை, கடைசி உவகை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவை களன்கள். உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. சிரிப்பு வேறு, மகிழ்ச்சி வேறு என்று இரண்டாயிரம் ஆண்டுப் பழைய இலக்கணத்துக்குத் தெரிந்திருக்கிறது. வேலை பார்க்கும் இடத்தில் புகைப்படக் கருவி நம் பக்கம் திரும்பும்போது வருகிற சிரிப்பு எந்தக் களனிலிருந்து வருவது? விமானப் பணிப்பெண்களின் புன்னகையைக் கொண்டு ஆர்லி ஹாக்ஷில்ட் 1983இல் ஒரு நூலே எழுதினார்: அந்தச் சிரிப்பு சம்பளத்துக்குச் செய்யும் உழைப்பு என்று. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்ணிடம் கேட்டால் நூல் இல்லாமலே சொல்வாள்.

கோவாத் தீர்ப்பை எழுதியவரும் ஒரு பெண்தான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. பெண்ணின் முகம் பெண்ணுக்குத் தெரியும் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். தீர்ப்பு நாற்காலி உயரமானது. சாட்சி சொல்பவரின் நடத்தையைப் பற்றிக் குறிப்பெழுதும்படி 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமே தன் 280ஆவது பிரிவில் நீதிபதியிடம் சொன்னது. பாதிக்கப்பட்டவள் அழ வேண்டும், ஆனால் நாடகம் என்று தோன்றும் அளவுக்கு அழக் கூடாது. அமைதியாக இருக்கலாம், ஆனால் கல்நெஞ்சம் என்று தோன்றும் அளவுக்குக் கூடாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு யார் படித்தாலும் வேண்டியதுதான் கிடைக்கும். 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் பாலினப் படிமங்களைக் களைவதற்காக நீதிபதிகளுக்கென வெளியிட்ட கையேடு, அதிர்ச்சிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை செய்வார்கள், இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று எதுவும் இல்லை என்று எழுதிவைத்திருக்கிறது. நல்லது. தொல்காப்பியர் செவியையும் சேர்த்தது இதற்காகத்தானோ என்று நினைத்துக்கொள்கிறேன். கண் தடுமாறும் இடத்தில் அவள் சொல்வதைக் கேட்கலாம்.

மெய்ப்பாட்டியல் நடத்தும் பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். வீட்டில் ஒருவருடைய முகத்தை ஒரு வாரம் கவனித்து எழுதி வர வேண்டும். அப்பாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்: குடித்திருந்தால் மூக்கு நுனி எப்படி இருக்கும், பணம் கேட்க எந்த நேரம் தோது, செய்தி பார்க்கும்போது தாடை அசைந்தால் அர்த்தம் என்ன. அம்மாவைத் தேர்ந்தெடுத்தவர்களின் தாளில் நாலைந்து வரி இருக்கும். "அம்மா எப்பவும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க மேடம். அவங்க சுபாவம் அப்படி." சென்ற ஆண்டு, நாலு வரி எழுதி வந்த ஒருத்தியிடம், "நேரா அவங்ககிட்டயே கேட்டுப் பாரேன்" என்றேன். மறுநாள் வந்தாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "ஏம்மா, உன் மனசுல என்ன ஓடுது இப்போ?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்: "காலேஜ்ல ஏதாவது பிரச்சினையாடி?"